ரெண்டே கால் கிலோ அரிசியும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டைப் பார்க்கிறது, குழுக் கணக்கு எழுதுகிறது, இது ரெண்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. வண்டிச் செலவைப் பற்றிப் போன மாசக் கூட்டத்தில் நான் சொன்ன கணக்கை இங்கேயும் வந்து சொல்லச் சொன்னார்கள். அதனால் கணக்கு நோட்டோடு வந்திருக்கிறேன்.

முன்னெல்லாம் நம்ம குழுக்களில் கறவை மாட்டுக்கு, தையல் மெஷினுக்கு, பிள்ளைகள் படிப்புக்கு என்று கடன் கேட்போம். இப்போது வண்டி வாங்கவும் கேட்கிறோம். தப்பு ஒன்றும் இல்லை. வண்டி தேவைதான். ஆனால் எந்த வண்டி, எவ்வளவு தூரத்துக்கு, அது குடிக்கிற எண்ணெய்க்கு மாசாமாசம் யார் காசு கொடுக்கிறது? இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடணும்.

எங்கள் வீட்டிலேயே இந்தப் பேச்சு வந்தது. வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். அவர் சொந்தக்காரர் ஒருத்தர் பழைய கார் ஒன்று வாங்கினார். அதைப் பார்த்ததும் இவருக்கும் ஆசை. "நீ குழுவில் ஒரு லட்சம் வாங்கிக் கொடு, மீதியை நான் பார்த்துக்கிறேன். டவுனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு எல்லாம் காரிலேயே போகலாம்" என்றார். வேண்டாம் என்று நான் உடனே சொல்லவில்லை. "ஒரு வாரம் பொறுங்க, கணக்குப் பார்ப்போம்" என்றேன். ப்ளஸ் ஒன் படிக்கிற மகளும் நானும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தோம்.

முதலில் சக்தி என்றால் என்ன என்று பார்ப்போம். ரவை பாக்கெட், சேமியா பாக்கெட் பின்னால் 100 கிராமுக்கு இத்தனை கலோரி என்று அச்சடித்திருப்பார்கள். அரிசிக்கு 100 கிராமுக்கு ஏறக்குறைய 350. அப்படியென்றால் ஒரு கிலோ அரிசியில் 3,500 கலோரி. பெட்ரோலும் ஒரு வகையில் சாப்பாடுதான், வண்டியோட சாப்பாடு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 8,000 கலோரி வரும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலும் ரெண்டே கால் கிலோ அரிசியும் சக்தியில் சமம். ரெண்டே கால் கிலோ அரிசி பொங்கினால் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது ஒரு கிலோமீட்டர் போக யாருக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று பார்ப்போம்.

நடந்து போனால் ஒரு ஆளுக்கு 45, 50 கலோரி ஆகும். அதே ஆள் நிதானமாக சைக்கிள் மிதித்தால் 20-லிருந்து 25 கலோரி. ஒரு இட்லி தின்றால் ரெண்டு கிலோமீட்டர் தாராளமாகப் போகலாம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிற மொபெட்டுக்குக் கிலோமீட்டருக்கு 160 கலோரி. டவுனுக்குள் நின்று நின்று போகிற சின்னக் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால், கிலோமீட்டருக்கு 650 கலோரிக்கும் மேலே.

சைக்கிளுக்கு 25, காருக்கு 650. இருபத்தாறு மடங்கு! நான் கணக்கில்தான் பிசகிவிட்டேனோ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மகள் அவளுடைய அறிவியல் டீச்சரிடம் காட்டினாள். டீச்சர் கணக்கு சரி என்று சொல்லி, இன்னொரு விஷயமும் சொல்லி அனுப்பினார்கள். 1973-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்சன் என்பவர் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாராம். ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டு போக எவ்வளவு சக்தி ஆகிறது என்று பறவை, குதிரை, மீன், கார், விமானம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். நடந்து போகிற மனுஷனுக்கு அதில் பெரிய இடம் இல்லை. ஆனால் அவனே சைக்கிளில் ஏறிவிட்டால் எல்லாவற்றையும் தாண்டி முதல் இடத்துக்கு வந்துவிடுகிறான்.

இது எப்படி? நம்ம உடம்பு இன்ஜினைவிட உசத்தி என்பதாலா? அப்படி இல்லை. சாப்பிட்டதில் ஏறக்குறைய கால் பங்குதான் மிதிக்கிற வேலையாக மாறுகிறது, மீதி சூடாகப் போகிறது. அதனால்தான் மிதிக்கும்போது வேர்க்கிறது. கார் இன்ஜினும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெட்ரோலில் கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகப் போகிறது. அடுப்புச் சூடு பாத்திரத்தில் ஏறாமல் பக்கவாட்டில் போகிற மாதிரி. இதில் ரெண்டு பேரும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு ரெண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, எடை. சின்னக் கார் என்றாலும் 800, 850 கிலோ இருக்கும். அதில் உட்கார்ந்து போகிற ஆள் 60 கிலோ. நம்ம ஒரு கிலோ எடைக்கு வண்டி எடை 14 கிலோ. ஒரு கிலோ சீனி வாங்கக் கடைக்குப் போகும்போது, பையில் 14 கிலோ ஆட்டுக்கல்லையும் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், திரும்பவும் தூக்கிக்கொண்டு வருகிற கதை இது. சைக்கிள் எடை 20 கிலோவுக்குள்தான். நாம் கொடுக்கிற சக்தி நம்மைக் கொண்டு போகத்தான் செலவாகிறது. செயினில் எண்ணெய் போட்டு வைத்திருந்தால் அதில் வீணாகிறது நூற்றுக்கு ரெண்டு, மூன்றுதான்.

ரெண்டாவது, நின்று நின்று போவது. இதற்கு நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரையே உதாரணம் சொல்லலாம். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் இழுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம், வடத்தைப் பிடித்தும் இருக்கிறோம். தேரை முதலில் அசைப்பதுதான் பாடு. எத்தனை பேர் கூடி, எத்தனை தடவை குரல் கொடுத்து இழுக்கணும்! அசைந்து உருள ஆரம்பித்துவிட்டால் வடம் கையோடு வருகிறது. அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துகிறார்கள். நின்றதோடு அவ்வளவு நேரம் இழுத்த வேகம் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து அசைக்கணும்.

காரும் ஒரு தேர்தான். ராஜபாளையத்தில் சாயங்கால நேரம் பஞ்சு மார்க்கெட் பக்கம், தென்காசி ரோட்டுப் பக்கம் நின்று பாருங்கள். மதுரையிலிருந்து தென்காசி, கொல்லம் போகிற நெடுஞ்சாலை நம்ம ரெண்டு ஊர் வழியாகத்தான் போகிறது. லாரி, பஸ், பள்ளிக்கூட வேன், மில் வண்டி, ஆட்டோ எல்லாம் அதே ரோட்டில்தான். கார் பத்தடி நகரும், நிற்கும். மறுபடி பத்தடி நகரும், நிற்கும். கொஞ்சம் இடம் கிடைத்தால் வேகம் எடுக்கும், உடனே பிரேக். பிரேக் போட்டால் அந்த வேகம் எல்லாம் பிரேக்கில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது.

இதையும் மகள் கணக்குப் போட்டாள். நின்ற காரை 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு வர, ஒவ்வொரு தடவையும் சுமார் 60 கலோரிக்குப் பெட்ரோல் எரியணும். ஒரு தடவை பிரேக் போட்டு எடுத்தால் ஒரு இட்லி காலி! நின்ற சைக்கிளை நாம் போகிற வேகத்துக்குக் கொண்டு வர ஒரு கலோரிகூட ஆகாது. நிற்கிற நேரத்தில் நம்ம சைக்கிள் சும்மா நிற்கும். கார் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு நின்ற இடத்திலேயே குடித்துவிடும். ஏசி போட்டிருந்தால் இன்னும் கூட. நெரிசலில் காரின் வேகமும் நமக்குப் பயன்படாது. முன்னால் நிற்கிற லாரி நகர்ந்தால்தானே கார் நகரும்?

இனி ரூபாய்க் கணக்குக்கு வருகிறேன், நமக்கு அதுதானே முக்கியம். எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம் 4 கிலோமீட்டர். போய்வர 8. மாசத்துக்கு 26 நாள் என்றால் 208 கிலோமீட்டர். காரில் போனால் 17 லிட்டருக்கு மேல் பெட்ரோல். லிட்டரை 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 1,700 ரூபாய்க்கு மேல். கடன் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் முதல் மாச வட்டி மட்டும் 1,000 ரூபாய். அசல் தவணை, இன்சூரன்ஸ், டயர், ரிப்பேர் எல்லாம் தனி. மொபெட் என்றால் 4 லிட்டர் சொச்சம், 420 ரூபாய்.

சைக்கிள்? அந்த 208 கிலோமீட்டருக்கும் சேர்த்து 5,200 கலோரி. மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ அரிசி. "அரிசியும் காசுதானே" என்று என் மாமியார் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில், மாசத்துக்கு ஒன்றரைக் கிலோ. இன்னொரு விதமாகச் சொல்கிறேன் பாருங்கள். நான் ஒரு மாசம் பூராவும் சைக்கிளில் போய்வர ஆகிற சக்தியும், கார் ஒரே ஒரு நாள் போய்வர எரிக்கிற சக்தியும் சரிக்குச் சரி.

இந்த வரியை எழுதிக் காட்டியதும் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரி, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டார். அதற்கும் கணக்குப் போட்டோம். மாசத்துக்கு ரெண்டு தடவை ஆட்டோ வைத்துப் போனாலும் வட்டிக் காசில் பாதிகூட ஆகாது. கார் கடன் கேட்கவில்லை. என் பெயரில் இன்றைக்கு அந்த ஒரு லட்சம் பாக்கி இல்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று தவணை கட்டுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் கார் வைத்திருக்கிற யாரையும் குறை சொன்னதாக நினைக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து காரில் போனால் அந்த 650-ஐ நாலாகப் பிரிக்கணும். ராத்திரி பிரசவ வலி வந்தால் சைக்கிளா தேடுவோம்? பஸ்ஸையும் குறைவாக நினைக்கக் கூடாது. 50 பேர் ஏறிப் போகிற பஸ்ஸில் ஒரு ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 40 கலோரி அளவுதான் ஆகிறது, சைக்கிளுக்கு அடுத்து அதுதான். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட்டும் கிடையாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் 11, 12 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் அதை மிதித்துப் போ என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு பஸ். ஆனால் வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடம், ரேஷன் கடை, பேங்க், பால் சொசைட்டி, பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் மூன்று, நாலு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு சைக்கிளை அடிக்க வேறு வண்டி இல்லை.

சைக்கிள் வாங்கக் கடனும் வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டுக் கொல்லையில் ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ப்ளஸ் ஒன்னில் கொடுக்கிறார்களே, அந்த சைக்கிள். பிள்ளை பன்னிரண்டாவது முடித்ததும் டயரில் காற்று இறங்கிக் கோழி அடைகிற இடமாகிவிடுகிறது. எடைக்குப் போட்டவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் மூத்தவளின் சைக்கிள் அப்படித்தான் கிடந்தது. டயர், டியூப், செயின், பிரேக் கட்டை மாற்ற 1,400 ரூபாய் ஆனது. இப்போது குழுப் பணம் கட்ட பேங்குக்கு அதில்தான் போகிறேன். யார் எப்போது வந்து கூட்டிப்போவார் என்று வாசலில் காத்து நிற்கிறதில்லை.

"இந்த வயசுல சைக்கிளா, சேலையைக் கட்டிக்கிட்டா?" என்று தெருவில் கேட்கத்தான் செய்தார்கள். அவர்களுக்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா அப்போது கலெக்டர். எழுத்துப் படிப்போடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலை பார்க்கிறவர்கள், கல் குவாரியில் கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம நர்ஸுகள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாகப் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதுவே நல்லது என்றார்களாம். பஸ்ஸுக்காகவும் அண்ணன், அப்பாவுக்காகவும் காத்திருந்த நேரம் அவர்களுக்கு மிச்சமானது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களும் நம்மைப் போல சேலை கட்டினவர்கள்தான்.

ஓட்டப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. வாரத்துக்கு ஒரு தடவை காற்று அடியுங்கள். காற்று குறைந்தால் மிதிக்கிற பாதி டயரை நசுக்கவே போய்விடும். சீட்டைத் தாழ்த்தி வைக்காதீர்கள். மிதி கீழே போகும்போது கால் ஏறக்குறைய நீளணும், இல்லையென்றால் மூட்டு வலிக்கும். செயின் கவரும், பின் சக்கரத்துக்குச் சேலை மாட்டாமல் இருக்க வலையும் போடுங்கள். பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மெயின் ரோட்டில் லாரி வரும்போது ஓரம் கட்டி நில்லுங்கள், ஊருக்குள் போகிற ரோடு இருந்தால் சுற்றானாலும் அதில் போங்கள்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை. கொல்லையில் கிடக்கிற சைக்கிளைச் சரி பண்ண 2,000 ரூபாய் வரை உள்கடன் கொடுக்க எல்லாக் குழுவும் தீர்மானம் போடணும். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நம்ம உறுப்பினர்களே கற்றுக்கொடுக்கணும், நான் வருகிறேன். மூன்றாவது, பஸ் நிற்கிற இடத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க நிழலோடு ஒரு ஸ்டாண்டும், அந்த ரோட்டில் விளக்கும் கேட்டு, ஊராட்சியிலும் நகராட்சியிலும் நம்ம எல்லார் கையெழுத்தோடும் மனு கொடுக்கணும். தனியாய்க் கேட்டால் ஒரு பேப்பர், கூட்டமைப்பாய்க் கேட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆகணும்.

காருக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆசைப்படட்டும். கையெழுத்துப் போடுகிறதுக்கு முன்னால் என்னை மாதிரி ஒரு ராத்திரி நோட்டை எடுத்து வைத்து உட்காருங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை தவணை என்று எழுதிப் பாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த பெண்களாக நம்மை ஆக்கியது இந்தக் குழுதானே!